பாசி எடுக்குறவ மகளுக்கு இன்டர்ன்ஷிப்

2014 ஏப்ரல். எம்.எஸ்சி. கடல் உயிரியல் முதல் வருஷம் முடிகிற நேரம். டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளப்பாறைப் பாதுகாப்பு. முதுகலை மாணவர்களுக்கு மூன்று மாத ஆய்வுப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப். கீழே நிபந்தனைகள். உதவித்தொகை கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, படகுச் செலவில் ஒரு பங்கு மாணவருடையது. சொந்த லேப்டாப் வேண்டும். ஸ்கூபா டைவிங் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை. துறையில் தெரிந்த விஞ்ஞானிகள் இரண்டு பேரிடம் பரிந்துரைக் கடிதம்.

அந்தத் தாளில் போட்டிருந்த தீவு எங்க ஊர்க் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். எங்க அம்மா அந்தத் தீவைச் சுத்தி முப்பது வருஷமாப் பாசி எடுத்தவள். முகத்துக்குக் கண்ணாடி, விரலுக்குத் துணிச்சுத்து, சேலைக்கு மேல அப்பாவோட பழைய சட்டை, இடுப்பில் வலைப்பை. ஆழம் ரெண்டாள் உயரம் இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் எந்த மாசம் நிக்கும், கஞ்சிப்பாசி எங்கே, கட்டக்கோரை எப்போது தானாகக் கழண்டு மிதக்கும், கச்சான் காற்று அடித்தால் எந்தப் பக்கம் தண்ணி கலங்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் போய் நோட்டீஸைச் சொன்னேன்.

"அந்தத் தீவுக்குப் போறதுக்கு நீ ரூவா கட்டணுமா?" என்றாள். "எங்களை அங்கன போகக்கூடாதுங்கிறாங்க. போனா அபராதம். ஒன்னையப் போகச் சொல்றாங்க, அதுக்கும் துட்டு கேக்குறாங்க. என்னத்தா படிப்பு இது?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இங்கே எழுதிப் பார்க்கிறேன். தோழர்கள் பலருக்கு இந்த விஷயம் அற்பமாகப் படலாம். கீழ்வெண்மணியும் மேலவளவும் வேங்கைவயலும் பேச வேண்டிய பக்கத்தில் பவளப்பாறையும் இன்டர்ன்ஷிப்பும் எதுக்கு என்று கேட்கலாம். கேளுங்கள். முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் இந்த இன்டர்ன்ஷிப் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். சுற்றுச்சூழல் ஆய்வில், குறிப்பாகத் தீவு, கடல், காடு என்று போகிற ஆய்வில், பட்டம் மட்டும் வைத்து யாரும் உள்ளே நுழைய முடியாது. பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிக்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். அங்கே ஒரு பெரியவரின் பழக்கம் கிடைக்கும். அவர் கடிதம் கொடுப்பார். கட்டுரையில் ஐந்தாவது ஆறாவது பெயராக உன் பெயரும் வரும். அதைக் காட்டினால் பிராஜெக்ட் அசிஸ்டெண்ட். அதைக் காட்டினால் பிஎச்.டி., வெளிநாடு, பிறகு கமிட்டி. தீவில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்று முடிவு செய்கிற கமிட்டி. அந்த மேசைக்குப் போகிற ஏணியின் முதல் படிதான் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த அந்தத் தாள்.

இப்போது நமக்குத் தெரிந்த கணக்குக்கு வருவோம். இடஒதுக்கீடு எங்கே இருக்கிறது? அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் இருக்கிறது. அரசு வேலையில் இருக்கிறது. பிஎச்.டி. சேர்ந்துவிட்டால், தகுதித் தேர்வும் எழுதி ஜெயித்துவிட்டால், ஆதிதிராவிட மாணவர்க்கான தேசிய உதவித்தொகை இருக்கிறது. தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்துக்குள் ஒரு சட்டமும் இல்லை. அது வேலை இல்லை, அதனால் ரோஸ்டர் இல்லை. அது படிப்பு இல்லை, அதனால் சேர்க்கைப் பட்டியல் இல்லை. தனியார் தொண்டு நிறுவனம் நடத்தினால் கேட்க நாதியில்லை. 'ஆர்வம்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மாசம் சம்பாதிக்காமல் இருக்க முடிகிறவனுக்கு மட்டும் ஆர்வம் இருக்கிறது, நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் கம்மி! வாசலில் இடஒதுக்கீடு என்று நாம் போராடி எழுதிவைத்தோம். அவர்கள் வாசலுக்கு முன்னாலே இன்னொரு வாசல் வைத்துவிட்டார்கள். அதில் சாதி என்று எழுதியிருக்காது. தடுக்கிற வேலையை மட்டும் அது ஒழுங்காகச் செய்யும்.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. எங்க கரையில் அறிவு சேகரிக்க வந்தவர்களின் வரலாறு பழசு. 1885-ல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்புக்கு வந்த எட்கர் தர்ஸ்டன் ராமேஸ்வரம், பாம்பன் கரையில் பவளம், சிப்பி, கடல் பிராணிகள் பற்றி ஆராய்ந்து எழுதினார். அதே மனுஷன்தான் கையில் அளவுகோலை வைத்துக்கொண்டு பறையர் மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்தவர். 1909-ல் அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் கடையருக்கும் ஒரு பதிவு உண்டு. கடலோரத்தில் சிப்பி எடுத்துச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள். பவளத்துக்கு ஒரு பெட்டி, ஜனத்துக்கு ஒரு பெட்டி. இரண்டையும் ஒரே கை எழுதியது. 1927-ல் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டது. அதே 1927 மார்ச்சில் மகாடு சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணி அள்ளிக் குடித்ததற்காக அம்பேத்கரோடு போன ஜனங்களை அடித்தார்கள். ஒரு பக்கம் தண்ணிக்குள் இருக்கிற நண்டுக்கும் புழுவுக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தண்ணியில் கை வைத்த மனுஷனுக்கு மண்டை உடைந்தது.

நான் கடையர் சாதி. இதைப் படிக்கிற பல தோழர்களுக்கு அந்தப் பெயரே புதுசாக இருக்கும். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் கடையன் என்று ஒரு வரி இருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் ஏழு பெயர்களைச் சேர்த்து தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டம் போட்டபோது, திருநெல்வேலியிலிருந்து நாகப்பட்டினம் வரை கடலோரப் பகுதிக் கடையரைச் சேர்க்காமல் தனியாக விட்டார்கள். பட்டியலிலேயே கரையோரமாக ஒதுங்கி நிற்கிறோம். நம்ம இயக்கத்தையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தலித் என்றால் நிலமில்லாத விவசாயக் கூலி என்கிற படம் ஒன்று நம்ம மண்டையில் உறைந்து கிடக்கிறது. பஞ்சமி நிலம் என்கிறோம், சரி. கடல்? கடலில் சாதி இல்லையா? மீனவர் சங்கத்துக்குப் போனால் அங்கே நாங்கள் கீழே. தலித் மாநாட்டுக்குப் போனால் "நீங்க மீனவங்கதானே" என்கிறார்கள். ரெண்டு பக்கமும் நாற்காலி இல்லாமல் நடுவில் நின்றவர்கள்தான் கடலுக்குள் முங்கிப் பிழைத்தார்கள். பாசி எடுக்கிறவர்கள் எல்லாரும் எங்க சாதி இல்லை. பல சாதி ஏழைப் பெண்கள் உண்டு. ஆனால் படகு இல்லாதவள், வலை இல்லாதவள், புருஷன் ஒத்தாசை இல்லாதவள், அவள்தான் வெறும் கையோடு இறங்குவாள்.

மண்டபம் கேம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இருந்த இடம் அது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனது, கிளை இன்றும் இருக்கிறது. அந்தக் 'கேம்ப்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தடுத்து நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, கப்பல் ஏற்றிய முகாம் அங்கே இருந்தது. அப்படிப் போனவர்களில் பெரும்பங்கு யார் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் அகதிபோலத் திரும்பி வந்து இறங்கியதும் அதே மண்டபத்தில். எங்க ஜனம் அந்த இடத்துக்கு வந்தபோதெல்லாம் பரிசோதிக்கப்படுகிற உடலாகத்தான் வந்தது.

இனி தீவுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, உப்புத்தண்ணி, நல்லதண்ணி, அப்பா, வாலை, முள்ளி, முயல், மனோலி, பூமரிச்சான், குருசடை என்று வரிசை. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-ல் கடல் அட்டை, பவளம் எல்லாம் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணையில் ஏறின. அதாவது 1972-ன் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. அதுவரை அட்டை எடுத்துக் கஞ்சி குடித்தவன் ஒரே ராத்திரியில் வேட்டைக்காரன் ஆனான்.

பாதுகாப்பே பொய் என்று நான் சொல்லவில்லை. பவளம் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, பார் பாராக வெளுத்துப்போனதை என் கண்ணால் பார்த்தேன். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற ரெண்டு தீவும் தண்ணிக்குள் போய்விட்டன. வான் தீவு தேய்ந்துகொண்டே வந்ததால் 2015-லிருந்து செயற்கைப் பார்கள் இறக்கி அதை நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள். அந்த வேலை நல்ல வேலை. ஆனால் பவளத்தை வெட்டியது யாருக்காக? சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும். வெட்டிச் சுமந்த கூலி எங்களுடையது, லாபம் யாருடையதோ. இழுவைமடிக்காரன் கடலடியைச் சுரண்டினான். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் கரையில் படிந்தது. 2005-ல் இதே கடலில் சேது கால்வாய்க்குத் தோண்ட விழா எடுத்தார்கள். 2007-ல் நீதிமன்றம் தடுக்கும்வரை ஓடியது. அப்போதெல்லாம் பவளம் சாகாதாம். எங்க அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசியைக் கிள்ளினால்தான் செத்துவிடுமாம்.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது, பாரைச் சுரண்டுகிற இரும்பைத் தொடுவதில்லை, மீன்பிடித் தடைக் காலத்தில் கடலுக்குப் போவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வேரோடு பிடுங்கினால் அடுத்த வருஷம் வராது என்று அவர்களுக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான விருது அது. அமெரிக்காவில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது, இங்கே படகில் பக்கத்தில் வருகிறவனுக்குத் தெரியவில்லை.

அம்மா கம்மலை அடகு வைத்தாள். நான் போனேன். எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் தனியாகக் கெட்டவர்களும் இல்லை. இந்தத் துறை எப்படியோ அப்படித்தான் இருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் சென்னை, பெங்களூர், புனே. நல்ல பிள்ளைகள், பிஸ்கட் பாக்கெட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். அவர்களில் மூன்று பேரிடம் டைவிங் சான்றிதழ் இருந்தது. ஒருவன் அந்தமானில், ஒருத்தி தாய்லாந்தில் வாங்கியது. விசாரித்தேன், முப்பதாயிரம் ரூபாய்ப் பக்கம் என்றார்கள். எனக்குச் சான்றிதழ் இல்லை. ஆறு வயசில் அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் நான். ஆனால் இன்சூரன்ஸ் இல்லை, அதனால் தண்ணிக்குள் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். படகில் உட்கார்ந்து அவர்கள் மேலே கொண்டுவருகிற சிலேட்டைப் பார்த்து எண்களை நோட்டில் ஏற்றுவதுதான் என் வேலை. கீழே என்ன நடக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். கடல் தெளிவாக இருந்தால் தெரியும். ஒருவன் துடுப்புக் காலை வீசி ஒரு கொம்புப் பவளத்தை ஒடித்துவிட்டு, ஒடிந்த பவளம் ஒன்று என்று குறித்துக்கொண்டு மேலே வந்தான். நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டான், சொல்லவில்லை.

ரெண்டாவது மாதம் 'உள்ளூர் மக்களின் பார்வை' என்று ஒரு கேள்வித்தாள் வந்தது. தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் மொழிபெயர்ப்பு என் தலையில். அமாவாசை வத்தம். பாசி எடுக்கிற பெண்கள் வந்த வள்ளத்தை ஒருங்கிணைப்பாளர் கை காட்டி நிறுத்தினார். அந்த வள்ளத்தில் எங்க அம்மா இருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஏதாவது கெடுதல் வந்துவிடக்கூடாது என்று. நானும் அம்மா என்று கூப்பிடவில்லை.

இதை எழுதுகிற இந்த நிமிஷமும் கை கூசுகிறது. கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. "ஓ, யுவர் மதர்? வாவ்" என்று ஒரு போட்டோ எடுத்திருப்பார்கள். ஆனாலும் நான் கூப்பிடவில்லை. படிப்பு எனக்கு முதலில் கற்றுத்தந்தது அந்த மௌனத்தைத்தான்.

அம்மாவிடம் நான் கேட்டேன், வேற்று ஆள் மாதிரி. "நீங்க எத்தனை வருஷமா வாரீங்க?" அவள் சொன்னாள், வேற்று ஆள் மாதிரி. "முப்பது இருக்கும்மா." பார் எப்படி மாறியிருக்கிறது என்று கேள்வி. வளர்ப்புக்குக் கொண்டுவந்த பாசி கயிற்றிலிருந்து அறுந்து வந்து கல்லை மூடுது, மூடின கல்லு சாவுது, மூடாத கல்லில் கஞ்சிப்பாசி மறுபடி வருது, எந்த எந்த இடம் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதிலளித்தவர் எண் 14. வயது சுமார் 50. கல்வி: இல்லை.

அவள் சொன்ன பாசி கப்பாபைகஸ். பெப்சி கம்பெனி குத்தகையில் இந்தக் கரையில் பரப்பப்பட்ட வெளிநாட்டுப் பாசி. குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருக்கிறது என்று 2008-ல் விஞ்ஞானிகள் ஆய்வு வெளியிட்டார்கள். அதற்கு முந்தியே எங்க வீட்டு அடுப்படியில் அந்தப் பேச்சு இருந்தது. அடுப்படிப் பேச்சை எந்த ஆய்விதழ் அச்சடிக்கும்?

அறிக்கை வந்தது. அம்மா கையைக் காட்டிய இடங்கள் வரைபடத்தில் புள்ளிகளாக ஏறியிருந்தன. சிலேட்டோடு முங்கிய மூன்று பேர் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருந்தது. என் பெயர் நன்றியுரையில், களப் போக்குவரத்து உதவிக்காக. அம்மாவுக்கு 'உள்ளூர் மீனவ சமுதாயம்' என்று பெயர். அதற்கு அடுத்த மாசம் அதே தீவு ஓரத்தில் ரோந்துப் படகில் வந்தவர்கள் அந்த வள்ளத்துப் பெண்களின் பாசிச் சாக்கைப் பிடுங்கினார்கள். ரெண்டு நாள் கூலி அபராதம். அவள் சொன்ன தகவல் தீவுக்குள் போகலாம், அவள் போகக்கூடாது.

எங்க வகுப்பில் இன்னொரு பையன் இருந்தான். சிவகங்கைப் பக்கம், சேரி. எங்களைவிட நன்றாகப் படிப்பான். மீன் பெயரெல்லாம் அறிவியல் பெயரோடு சொல்லுவான். அவன் அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடவில்லை. நீச்சல் தெரியாது. ஏன் தெரியாது? ஊரில் இருந்த கிணறு எல்லாம் ஊர்க்காரன் கிணறு. வெயில் காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் குதிக்கிறதை வரப்பில் நின்று பார்த்து வளர்ந்தவன். 2018-ல் மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் பக்கம் கிணற்றில் குளித்ததற்காக மாதங்க் சாதிப் பையன்கள் இருவரை அம்மணமாக்கி அடித்தார்கள், படம் பிடித்துப் பரப்பினார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தண்ணித் தொட்டிக்குள் என்ன கலந்தார்கள் என்பது தெரியும். தண்ணி நமக்குச் சும்மா தண்ணி இல்லை. 'நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்' என்று எழுதுகிறவனுக்கு அது ஒரு சாதாரண பாதுகாப்பு விதி. சேரிப் பிள்ளை அதைப் படிக்கும்போது ஆயிரம் வருஷக் கிணறு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அந்தப் பையன் இப்போது மருந்துக் கம்பெனி ரெப்பாக பைக்கில் சுற்றுகிறான். நீச்சல் கற்றுக்கொள்ள ஒரு மாசம் போதும். அந்த ஒரு மாசத்தையும் ஒரு வாத்தியாரையும் கொடுத்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாமே என்று எந்த நிறுவனத்துக்கும் தோன்றவில்லை.

இது எங்க கரைக் கதை மட்டும் இல்லை. இந்துமாக் கடல் நடுவில் சாகோஸ் தீவுகள். அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1967-க்கும் 1973-க்கும் இடையில் பிரிட்டிஷ்காரன் அங்கிருந்த ஜனத்தை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிகளை, மொத்தமாக வெளியேற்றினான். 2010-ல் அதே தீவுகளைச் சுற்றி உலகத்திலேயே பெரிய கடல் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தான். அப்படி அறிவித்துவிட்டால் வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பி வருவது கஷ்டமாகிவிடும் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டது அந்த வருஷக் கடைசியில் விக்கிலீக்ஸ் வழியாக வெளியே வந்தது. 2015-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு விரோதம் என்றது. பவளத்தை எண்ணுவதற்கு ஆராய்ச்சிக் கப்பல்கள் அங்கே போய்க்கொண்டிருந்த வருஷங்களில், அங்கே பிறந்தவர்கள் லண்டனில் கோர்ட் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். தீவு சுத்தமாக இருக்கிறது, ஆள் இல்லாததால் ஆய்வுக்கு அருமையான இடம் என்று கட்டுரை எழுதலாம். ஆள் ஏன் இல்லை என்று அந்தக் கட்டுரை கேட்காது.

வேற மாதிரியும் செய்ய முடியும். ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் நடுவே டோரஸ் ஜலசந்தித் தீவுகள். 1992-ல் மாபோ வழக்கில் நிலம் எங்களுது என்று ஜெயித்த தீவு ஜனம். அங்கே ஆமையையும் கடல் பசுவையும் கண்காணிக்கிற ரேஞ்சர்கள் அந்தத் தீவுக்காரர்களே. 2007-ல் வந்த அரசுத் திட்டத்தின் வழியாகச் சம்பளம் வாங்குகிறார்கள், பயிற்சியும் சம்பளத்தோடு. கடல் பசுவை மரபு முறையில் பிடிக்கிற உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது, எண்ணுகிற வேலையும் இருக்கிறது. அங்கேயும் சண்டை சச்சரவு உண்டு, சொர்க்கம் இல்லை. ஆனால் கடலைத் தெரிந்தவளைக் கரையில் நிறுத்திவிட்டு கடலைக் காப்பாற்ற முடியாது என்பதையாவது புரிந்துகொண்டிருக்கிறார்கள். இங்கே பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் கடல் பசுக் காப்பகம் அறிவித்தார்கள். ஆவுளியா எங்கே மேயும் என்று தெரிந்த கிழவர்கள் அந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமா? கூட்டத்துக்கு வந்தால் டீயும் வடையும்.

பணம் இல்லை என்பார்கள். இந்தப் பதிலை நான் பல வாயிலிருந்து கேட்டுவிட்டேன். சின்ன நிறுவனம், நிதி குறைவு, இன்டர்னுக்குக் கொடுக்க வழியில்லை. படகுக்கு டீசல் போட வழி இருக்கிறது. கேமராவுக்கு இருக்கிறது. ஓட்டலில் கருத்தரங்கு நடத்த இருக்கிறது. மனுஷ உழைப்புக்கு மட்டும் இல்லை. சம்பளமில்லாத உழைப்புக்கு நம்ம ஊரில் பழைய பெயர் வெட்டி. ஆண்டைக்கு நம்ம தாத்தா செய்தது. அதே வெட்டியைப் பணக்கார வீட்டுப் பிள்ளை தானாக விரும்பிச் செய்தால் அதற்கு அனுபவம் என்று பெயர். அவனால் இலவசமாகச் செய்ய முடிகிறது, அதனால் அந்த வேலைக்கு விலையே இல்லாமல் போகிறது, அதனால் விலை தேவைப்படுகிறவன் வெளியே நிற்கிறான்.

ஆகவே நான் கேட்பது கருணை இல்லை. பொதுப்பணம் ஒரு ரூபாய் வாங்குகிற ஆய்வு நிறுவனமானாலும், அரசு அனுமதியோடு தேசியப் பூங்காவுக்குள் கால் வைக்கிற தனியார் அமைப்பானாலும், இன்டர்னுக்கு உதவித்தொகை கட்டாயம் என்று அந்த அனுமதிக் கடிதத்திலேயே எழுத வேண்டும். அந்த இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு ஒதுக்கீடு வேண்டும், கரையோர ஊர்ப் பிள்ளைகளுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும். டைவிங் சான்றிதழைக் கேட்டு வாங்காதே, பயிற்சி கொடுத்து வாங்கிக்கொடு. பாசிப் பெண்கள் சொல்கிறதைத் தகவல் என்று எடுத்தால் அவர்கள் பெயரைப் போடு, அன்றைய கூலியைக் கொடு. இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை, அனுமதி கொடுக்கிற கை எழுதினால் போதும். மாணவர் தோழர்களே, உங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் இந்த மாதிரித் தாள் ஒட்டினால் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒதுக்கீடு எங்கே என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விடுதிப் பிரச்சினைக்கும் உதவித்தொகைப் பாக்கிக்கும் மறியல் செய்கிற நாம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டதால்தான் அறிவு உற்பத்தியாகிற இடம் அக்ரகாரமாகவே இருக்கிறது.

நான் பிஎச்.டி. முடித்தேன், கடல் பற்றி இல்லை, நன்னீர் நத்தை பற்றி. கண்மாயில் செய்துவிடலாம், படகுச் செலவு இல்லை. இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அந்தக் கௌரவம் மாசா மாசம் எப்போது வரும் என்று தெரியாது. அம்மாவுக்கு இப்போது காது அடைத்துக்கொண்டது, முங்கி முங்கி. கடலுக்குப் போகிறதில்லை.

போன மாசம் பக்கத்து வீட்டு மதினி மகள் வந்தாள். எம்.எஸ்சி. படிக்கிறாள். கையில் போனை நீட்டினாள். தீவுச் சூழல், கடற்புல், மூன்று மாதப் பயிற்சி. உதவித்தொகை கிடையாது. "அக்கா, ரெண்டு லெட்டர் வேணுமாம். ஒன்னு நீங்க குடுங்க. இன்னொன்னுக்கு யாருகிட்டக்கா போறது?"

என் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதற்கு அம்மா பெயரில் ஒரு தாள் எழுதினேன். இந்தப் பெண்ணை ஐந்து வயசிலிருந்து எனக்குத் தெரியும், வாடைக் கடலிலும் முங்குவாள், பாரை மிதிக்காமல் நிற்கத் தெரியும் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பதவி என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். "முப்பது வருஷம் பாசி எடுத்தவன்னு போடு" என்றாள். போட்டேன். கைநாட்டு வைத்தாள். கடைசித் தேதி இந்த மாதம் 30. இன்னும் பதில் வரவில்லை.